வேலிக்கு வெளியே வைத்த சோறு

இலையில் நான் கட்டிக்கொண்டு போனது மூன்று பிடிச் சோறு. கூடவே ஓர் அவித்த முட்டை, இரண்டு துண்டு கருவாடு, ஒரு சுருட்டு. அவ்வளவுதான். எத்தனையோ முறை மனதுக்குள் அதை எடை போட்டுப் பார்த்துவிட்டேன். ஓர் ஆளுக்கு ஒரு வேளைக்குக்கூட அது காணாது. ஆனால் அந்த நாட்களில் எங்கள் தோட்டத்து வேலியைத் தாண்டி ஒரு பிடிச் சோறு போனாலும் குற்றம்தான்.

அது மலாயாவில் அவசரகாலம், அரசாங்கம் காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட வருஷங்கள். எங்கள் தோட்டம் மலாக்காவில், பெம்பான் ஊரிலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் மரங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இருந்தது. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்குச் சாப்பாடு போய்ச் சேரக் கூடாது என்று நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். விடிந்ததும் மரம் சீவப் போகிறவர்களை அங்கே நிறுத்தித் தடவிப் பார்ப்பார்கள். கட்டுச்சோறு கொண்டுபோக முடியாது. சீனி போட்ட தேத்தண்ணிகூட முடியாது. வேலை முடிந்து வேலிக்குள் திரும்பி வந்துதான் எல்லாரும் சாப்பிட வேண்டும். கடையில் டின் பால் வாங்கினால், பதுக்கி வைக்க முடியாதபடி கடைக்காரர் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்.

இந்த விதிகளையெல்லாம் தமிழில் அச்சடித்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான் மலாக்கா டவுனில் வளர்ந்தவள், ஏழாம் வகுப்பு வரை படித்தவள். அதனால் லயத்துப் பெண்களுக்கு அந்த அறிவிப்பை வாசித்துக் காட்டியவளே நான்தான். தண்டனை எத்தனை வருஷம் என்ற வரியை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

என் கணவர் பட்டாளத்தில் இருந்தார். வேறு வேலை கிடைக்காமல் போனவர் இல்லை. அதுதான் தன் தொழில் என்று முடிவு செய்து, ஓய்வு பெறும் வரை அதிலேயே இருக்கப் போகிறேன் என்று சொல்லித்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் பகாங் பக்கம் மாற்றிவிட்டார்கள். நான் கைக்குழந்தையோடு தோட்டத்தில் இருந்த மாமியார் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கடிதம் வரும். "நலம். மழை அதிகம். பாப்பாவுக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்" என்று மூன்று வரிதான் இருக்கும். அந்த மூன்று வரியும் ஒருமுறை ஏழு வாரம் வரவில்லை. பட்டாளத்து லோரி ஒன்றைக் காட்டு ரோட்டில் சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி மட்டும் பத்திரிகையில் வந்தது. செத்தவர்கள் யார் என்று போடவில்லை.

மாமியார் அழவில்லை. என்னைக் கூப்பிட்டு, "நேர்த்தி பாக்கி இருக்குடி" என்றார்.

மகன் பட்டாளத்தில் சேர்ந்தபோது காட்டோரத்து முனிக்கு அவர் வேண்டிக்கொண்டிருக்கிறார், வருஷத்துக்கு ஒருமுறை சோறு படைப்பதாக. தோட்டத்தின் கடைசி ரப்பர் மர நிரையைத் தாண்டி, பெரிய மரம் ஒன்றின் கீழே குங்குமம் பூசிய கல் அது. வேலி போட்டபோது அந்தக் கல் வெளியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மற்றவர்கள் சூடமும் பூவும் மட்டும் கொண்டுபோய் வைத்தார்கள். கேட்டில் அதற்கு அனுமதி உண்டு.

"நாமும் சூடம் மட்டும் வைக்கலாமே அத்தை. சாமிக்குத் தெரியாதா நம்ம நிலைமை?"

"நீ படிச்சவ. உனக்குச் சூடம் போதும். காட்டுல நிக்கிறது எம்புள்ள."

என் புருஷனும்தானே என்று நான் சொல்லவில்லை. மாமியாருக்கு முழங்கால் வீங்கியிருந்தது, அவரால் நடக்க முடியாது. நான் மறுத்து, அதற்கு அப்புறம் என் கணவருக்கு ஏதாவது ஆகியிருந்தால்? ஒரு பிடிச் சோற்றை மிச்சம் பிடித்தவள் நான் என்று ஆகிவிடாதா? அந்த ஒரு கேள்விதான் என்னை நடக்க வைத்தது. படிப்பு அதற்கு எதிரே நிற்கவில்லை.

சோற்றுப் பொட்டலத்தைக் குழந்தையின் முதுகுப்பக்கம் வைத்துத் துணியால் சுற்றினேன். கேட்டில் பெண்களைச் சோதிக்க ஓர் அம்மாளை வைத்திருந்தார்கள். வாய்த் துடுக்கான ஆள். யாருடைய கொண்டையையும் அவிழ்த்துப் பார்க்காமல் விடமாட்டார்.

"வாம்மா பட்டாளத்தாரு சம்சாரம். கூடையைக் காட்டு. சூடம், பூ, ஊதுபத்தி. சரி. புள்ளைய எதுக்குத் தூக்கிட்டுப் போற, வெயில்ல?"

"பால் குடிக்கிற பிள்ளை அக்கா. விட்டுட்டுப் போனா அழும்."

"உன்னைத் தடவிப் பார்த்தா உன் வீட்டுக்காரரு வந்து என்னைச் சுட்டுருவாரு. போலாம், போ."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சோற்றுச் சூடு என் உள்ளங்கையில் பட்டுக்கொண்டிருந்தது. குழந்தையின் முதுகு சிவந்திருக்குமோ என்று கேட்டைத் தாண்டிய பிறகுதான் நினைத்தேன். சிவந்திருந்தது.

முனிக்கு வைத்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அந்தச் சோற்றை வீட்டுக்கு எடுத்து வரவும் கூடாது, பங்கு போட்டுச் சாப்பிடவும் கூடாது. இலையை விரித்து வைத்தேன், சூடம் கொளுத்தினேன், திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒரு குச்சி முறிந்த மாதிரி இருந்தது. அணிலாக இருக்கலாம். நான் பார்க்கவில்லை. அன்று திரும்பிப் பார்த்திருந்தால் பிறகு வந்தது எதுவும் வந்திருக்காதோ என்று இன்றும் நினைக்கிறேன். பார்த்திருந்தால் நானே திரும்பி வந்திருக்கமாட்டேனோ என்றும் நினைக்கிறேன்.

அந்தக் கடைசி நிரை பக்கத்து வீட்டு அக்காவுடையது. வாரத்துக்கு ஆறு நாள் அங்கேதான் மரம் சீவுவார். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் என் பக்கத்தில் வந்து நின்று, வாளியைப் பார்த்தபடியே பேசினார்.

"தங்கச்சி, நேத்து முனிக்குச் சோறு வச்சியா?"

நான் என் வாளியைக் குழாய்க்குக் கீழே நகர்த்தினேன்.

"நான் யார்கிட்டயும் சொல்லல. ஆனா ஒண்ணு கேக்குறேன். முனி சாப்பிட்டுட்டு இலையை மடிக்குமா?"

"என்னக்கா சொல்றீங்க?"

"முட்டை ஓடு ஒரு ஓரமா இருக்கு. இலையை நல்லா மேலேருந்து கீழே மடிச்சு, அது மேல ஒரு கல்லு வச்சிருக்கு. நாய் தின்னா இழுத்துப் போட்டிருக்கும். குரங்கு தின்னா கிழிச்சிருக்கும். இது நம்ம வீட்டுக் கல்யாணத்துல உக்காந்து சாப்பிட்டுப் பழகின கைடி."

இலையை அவரே பொறுக்கி, ஓடைக்குள் போட்டுவிட்டாராம். வாளி நிரம்பி என் காலில் வழிந்தது. "வாயை மூடிக்கிட்டு இரு. புள்ள பால் குடிக்கிறா, பயந்தா பால் வத்திரும்" என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டார்.

அடுத்த வாரம் என் கணவர் வந்தார். கேட்டுக்கு வெளியே லோரியிலிருந்து இறங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்தார். கடிதம் எழுத முடியாத இடத்தில் இருந்தாராம். பத்து நாள் லீவு. மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். நீ வைத்த சோறுதான் என்று அந்தப் பார்வை சொன்னது. நான் குனிந்துகொண்டேன். எனக்கு நன்றியாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அவர் மாறியிருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தார். தட்டில் இருப்பதை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடுவார். கால் விரல்களுக்கு நடுவே தோல் உரிந்து வெள்ளையாக இருந்தது. ஒருநாள் அந்தக் கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு, நான் கேட்காமலே பேசினார்.

"முதல் நாள் எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டு நடப்பாங்க. மூணாவது நாள் ஒருத்தன் வாயும் திறக்காது. பொழுதன்னிக்கும் நடக்குறதும், நனையுறதும், அட்டை புடுங்குறதும்தான் வேலை. வருஷம் முழுக்க நடந்து ஒருதரம்கூட யாரையும் பார்க்காதவன் எங்க கூட்டத்துல இருக்கான். பட்டாளம்னா சண்டைன்னு நெனச்சுத்தான் சேர்ந்தேன். பாதிக்கு மேல காத்துக்கிடக்குறதுதான்."

"எங்கே காத்துக் கிடப்பீங்க?"

"சோறு வைக்கிற எடத்துல. எவனாவது வெளியாளு காட்டோரத்துல சோறு வைப்பான், உள்ள இருக்குறவன் வந்து எடுப்பான். எடம் தெரிஞ்சா போதும், சுத்திப் படுத்துக்குவோம். வைக்க வர்றவனையும் விடமாட்டோம், எடுக்க வர்றவனையும் விடமாட்டோம்."

"வைக்க வர்றது பொம்பளைன்னா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "மழையில, எல போட்டு மறைச்சுக்கிட்டுப் படுத்திருக்கும்போது, வர்றது ஆம்பளையா பொம்பளையான்னு யாரு பார்க்குறா? அசைஞ்சா சுடு, அவ்வளவுதான்."

நான் வெந்நீர் ஆறிவிட்டது என்று சொல்லி எழுந்து அடுப்படிக்குப் போனேன். கையில் குழந்தையோடு அந்த மரத்தடியில் குனிந்த என்னை நானே ஒரு புதருக்குள் படுத்திருந்து பார்ப்பது போல இருந்தது.

அதோடு போயிருந்தால் நான் சொல்லாமலே இருந்திருப்பேன். மாமியார் விடவில்லை. மகன் உயிரோடு வந்துவிட்டான், வெள்ளிக்கிழமை அவனே நேரில் போய் முனிக்குக் கும்பிட்டு வர வேண்டும் என்றார். என் கணவரும் தலையாட்டினார். லீவில் வந்தவரிடம் துப்பாக்கி கிடையாது. அந்த இலையை மடித்த கை, இன்னொரு இலைக்காக அங்கே வந்து நின்றால்? பட்டாளத்து மாதிரி முடி வெட்டிய தலையை எவரும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

சொன்னால் அவர் சும்மா இருக்க முடியாது, அது அவருடைய கடமை. சொல்லாவிட்டால் அவர் போவார். புதன், வியாழன் இரண்டு நாளும் சொல்ல வாயெடுத்து, குழந்தைக்குத் துணி மாற்றப் போய்விட்டேன். வெள்ளிக்கிழமை காலை அவர் வேட்டி கட்டிக்கொண்டு விபூதி கேட்டபோது சொல்லிவிட்டேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கேள்வி கேட்டார். எத்தனை மணிக்குப் போனாய், எந்தப் பக்கமாக, இலை எப்படி மடித்திருந்தது, கால் தடம் இருந்ததா. வேறு யாரோ ஒரு பெண்ணிடம் கேட்பது மாதிரிக் கேட்டார். கடைசியாக, "பாப்பா முதுகுலயா வச்சே?" என்றார். அதற்குத்தான் அவர் குரல் மாறியது.

வேட்டியை அவிழ்த்துவிட்டு சட்டை கால்சட்டை போட்டுக்கொண்டு போலீஸ் கொட்டகைக்குப் போனார். நடந்து போனபோது முனி மரத்தடியில் ஆள் உட்கார்ந்து சாப்பிட்ட அடையாளம் பார்த்தேன் என்று மட்டும் சொன்னாராம். என்னைச் சொல்லவில்லை. அன்று மாலையே கடைசி நிரையில் வேலைக்குப் போக வேண்டாம் என்று கங்காணி வந்து சொல்லிவிட்டுப் போனார். யாரும் காரணம் கேட்கவில்லை.

மூன்று நாள் என்ன வேண்டிக்கொண்டேன் என்பதை என் மாமியாரிடம்கூடச் சொன்னதில்லை. அங்கே காத்துப் படுத்திருந்தவர்கள் முன்னால் யாரும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். ஒரு பட்டாளக்காரர் மனைவி வேண்டிக்கொள்ளக் கூடாத வேண்டுதல் அது. சோறு வைத்ததும் நான், இடத்தைக் காட்டிக் கொடுத்ததும் நான். பசித்துச் சாப்பிட்டுவிட்டு இலையை ஒழுங்காக மடித்து வைத்த ஒருவரை நான் இரண்டு முறை ஏமாற்றியதாகத் தோன்றியது. உடனே, அந்தக் கை நாளைக்கு இவரைச் சுட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இரண்டும் மாறி மாறி வரும்.

திங்கட்கிழமை காலை, குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு வெடிச் சத்தம் கேட்டது. குழாயடியில் பேச்சு நின்றது. என் கணவர் வாசல்படியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். மூன்றாவது சத்தம் வருமா என்று காத்திருப்பது அவர் கழுத்தில் தெரிந்தது. வரவில்லை. மதியம் செய்தி வந்தது: யாரோ ஓடிவிட்டார், மண்ணில் ரத்தம் இருந்தது.

மறுநாள் பெரட்டுக்கு, அதாவது விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு, போலீஸ் வந்துவிட்டது. குண்டுக் காயம் இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் கையையும் காலையும் காட்டச் சொன்னார்கள். நானும் என் கணவரும் வேடிக்கை பார்ப்பவர்களோடு வேலியோரம் நின்றோம். பக்கத்து வீட்டு அக்காவின் முறை வந்தது. அவருடைய வலது காலில் கட்டுப் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விறகு பிளக்கும்போது பட்ட வெட்டு. எங்கள் வரிசையில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் காலோடு நடக்க முடியாமல் திங்கட்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. வரிசையிலும் நிற்கவில்லை.

"நேத்து எங்கே போனே?"

"வீட்டுல படுத்திருந்தேன் ஐயா."

"யாரு பார்த்தா?"

"படுத்திருக்கிறவளை யாரு வந்து பார்ப்பாங்க? நான் என்ன புதுப் பொண்ணா?"

வரிசையில் சிலர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. கடைசி நிரை யாருடையது என்று போலீஸ்காரர் கங்காணியிடம் கேட்டார். கங்காணி அக்காவைக் கைகாட்டினார். "உன் நிரையில சோறு வச்சது யாரு?"

அக்கா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு முறை. பிறகு தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு, "எனக்குத் தெரியாது ஐயா" என்றார்.

நான் நகரவில்லை. அதை இங்கே எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். இடுப்பில் குழந்தை இருந்தது, குழந்தைக்குத் தாய் வேண்டும் என்று நினைத்தேன், அது உண்மைதான். அக்காவுக்கும் மூன்று பிள்ளைகள் என்பதும் உண்மைதான். அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காட்டில் சுடப்பட்டவர்களுக்கு நடுவே நடந்தவர் என்று ஊரே சொல்லும் என் கணவரும் நகரவில்லை.

வீட்டுக்கு வந்து இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். மாமியார்தான் அடுப்படியிலிருந்து சத்தம் போட்டார். "அவ புள்ளைங்க பக்கத்து வீட்டுல அழுவுது. உங்களுக்குக் காது கேக்கலையா?"

அவர் எழுந்தார். பையிலிருந்து பட்டாளத்து உடுப்பை எடுத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் அயர்ன் போடச் சொன்னார். கரிப்பெட்டியை வைத்துத் தேய்த்தேன். பெட்டியைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்துவிட்டதில் காலரில் ஒரு பழுப்புக் கறை விழுந்துவிட்டது. அவர் அதைப் பார்த்தார். போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனார்.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து முதலில் அக்கா இறங்கினார், நொண்டிக்கொண்டே. பின்னால் என் கணவர். அக்கா என் எதிரே வந்து நின்றார்.

"உன்னை யாரும் கேக்கல பார்த்தியா. பட்டாளத்தாரு வீட்டம்மாவை யாரு கேப்பா?"

"மன்னிச்சிடுங்கக்கா."

"மன்னிப்பு கெடக்குது. சோறு இருந்தா போடு. காலையிலேருந்து பச்சைத்தண்ணி குடிக்கல."

போட்டேன். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகும் அவர் என்னோடு நன்றாகத்தான் பழகினார், ஆனால் தங்கச்சி என்று கூப்பிடுவது நின்றுவிட்டது.

அக்கா போனபின் கணவரிடம் கேட்டேன், அங்கே என்ன சொன்னீர்கள் என்று.

"எழுதிக் குடுத்துட்டேன்."

"யாருன்னு?"

"நான்தான்னு. சாமிக்கு வேண்டிக்கிட்டவன் நான், வைக்கச் சொன்னவன் நான், வீட்டு ஆளுங்களுக்கு சட்டம் தெரியாதுன்னு எழுதிட்டேன்."

அறிவிப்பை ஊருக்கே வாசித்துக் காட்டியவள் நான். அது அவருக்கும் தெரியும். அவருடைய முழுத் தொழில் வாழ்க்கையில் அவர் எழுதிக் கொடுத்த பொய் அது ஒன்றாகத்தான் இருக்கும். "உங்களை வேலையை விட்டு எடுத்துட்டா?" என்று கேட்டேன். தெரியாது என்று சொல்லி, உடுப்பைக் கழற்றி மடித்து வைத்தார். லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போதே திரும்பிப் போய்விட்டார்.

வேலையை விட்டு எடுக்கவில்லை. அதற்காக அந்தக் காகிதம் இல்லாமல் போய்விடவில்லை, எங்கேயோ ஒரு ஃபைலில் இருக்கிறது. அவரோடு சேர்ந்தவர்களுக்குப் பதவி உயர்ந்து சட்டைக் கையில் கோடு ஏறியது, அவருக்கு ஏறவில்லை. காரணம் அதுவா வேறா என்று யாரும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. இப்போது மலாக்காவில் அவரோடு இருக்கிறேன், மகளுக்கு ஆறு வயது. அரசாங்க முத்திரை போட்ட உறை வரும் நாளெல்லாம் அதை அவர் வரும்வரை மேஜைமேல் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருப்பேன். அவர் வந்து கையைக் கழுவி, பிரித்து, படித்து முடிக்கும் வரை அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வருவதில்லை. மகள்தான் பார்த்துச் சொல்வாள், "அப்பா சும்மாதான் இருக்காரும்மா" என்று.